பழகியது ஜாவா, எல்லோரும் சொல்வது பைத்தான்: கோடிங் இன்டர்வியூவுக்கு எதில் எழுதுவது?

கேள்வி

சில வருடங்களாக பேக்எண்ட் வேலையில் இருக்கிறேன், எழுதுவது முழுக்க ஜாவா. அடுத்த மாதக் கடைசியில் இன்டர்வியூக்கள் தொடங்குகின்றன. முதலில் ஆன்லைன் டெஸ்ட், அதைத் தாண்டினால் எதிரில் ஆள் இருக்க இரண்டு மூன்று கோடிங் ரவுண்டு, கடைசியில் சிஸ்டம் டிசைன். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் குழப்பமே அந்தச் சுதந்திரத்தால்தான்.

விசாரித்தவர்களில் பெரும்பாலானவர்கள் "இன்டர்வியூ என்றால் பைத்தான்தான், இப்போதே மாறிவிடுங்கள்" என்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் புரியாமல் இல்லை. ஒரே எழுத்துகளைக் கலைத்துப் போட்ட சொற்களைக் குழு குழுவாகப் பிரிக்கும் கணக்கை இரண்டிலும் எழுதிப் பார்த்தேன். ஜாவாவில் ஸ்டிரிங்கை கேரக்டர் அரேயாக மாற்று, வரிசைப்படுத்து, மறுபடி ஸ்டிரிங் ஆக்கு, மேப்பில் அந்தச் சாவி இல்லையென்றால் புது லிஸ்ட் போடு, அப்புறம் சேர் என்று நீண்டுகொண்டே போகிறது. பைத்தானில் டிஃபால்ட்டிக்ட், சார்டட், அப்பெண்ட் என்று நாலைந்து வரியில் முடிந்துவிட்டது. படிக்கவும் கண்ணுக்கு இதமாக இருந்தது.

ஆனால் அந்த நாலைந்து வரியை எழுதும்போதே அடிக்கடி கை நின்றது. நீளம் கேட்கப் புள்ளி வைக்க வேண்டுமா, வெளியே லென் என்று எழுத வேண்டுமா? வரிசைப்படுத்தினால் அதே லிஸ்ட் மாறுமா, புது லிஸ்ட் கிடைக்குமா? ஜாவாவிலும் இப்படிக் குளறுபடிகள் உண்டு. அரேக்கு வெறும் லெங்த், ஸ்டிரிங்குக்கு அடைப்புக்குறியோடு லெங்த், லிஸ்ட்டுக்கு சைஸ். ஆனால் அவை விரலுக்கே தெரியும், யோசிக்க வேண்டியதில்லை.

மாறத்தான் வேண்டுமா? ஜாவாவில் எழுதினால் நேரம் போதாமல் போகுமா? கேள்வி கேட்பவர் "இந்தக் காலத்தில் இன்னும் ஜாவாவா" என்று குறைவாக நினைப்பாரா? ஆன்லைன் டெஸ்ட்டுக்கு மட்டும் சி++ நல்லது என்று ஒருவர் சொன்னார், அதுவும் உண்மையா? இரு பக்கமும் பார்த்தவர்கள் யாராவது சொன்னால் நிம்மதியாகப் படிக்க உட்காருவேன்.


பதில் 1

மாற வேண்டாம். ஜாவாவிலேயே இருங்கள். கோடிங் ரவுண்டு நடத்துவது என் வேலையில் ஒரு பகுதி, அங்கே உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. முக்கால் மணி நேர ரவுண்டில் அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம், கடைசியில் உங்கள் கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் போய்விடும். மீதி 35 நிமிடம். அதில் கேள்வியைப் புரிந்துகொள்வது, உள்ளீடு எவ்வளவு பெரியது என்று கேட்பது, வழியைச் சொல்லி ஒப்புதல் வாங்குவது, கடைசியில் எழுதியதை ஒரு உதாரணம் வைத்து ஓட்டிக் காட்டுவது எல்லாம் போக, தட்டச்சுக்கு மிஞ்சுவது பதினைந்து இருபது நிமிடம். ஜாவாவில் ஒரு நடுத்தரக் கணக்கு பைத்தானைவிடப் பத்து பதினைந்து வரி கூடுதலாக வரும். பழகிய கைக்கு அது ஓரிரு நிமிட வித்தியாசம். அந்த ஓரிரு நிமிடத்தால் யாரும் தோற்று நான் பார்த்ததில்லை.

சிண்டாக்ஸுக்காகக் கை நிற்பது வேறு விஷயம். அது நிமிடக் கணக்கில் அடங்காது. "இடது சுட்டியை எப்போது நகர்த்துவது" என்று யோசித்துக்கொண்டிருக்கும் மூளையை "சார்ட்டா சார்டட்டா" என்ற கேள்வி வந்து இழுத்துக்கொண்டு போகிறது. திரும்பி வரும்போது இடது சுட்டி எங்கே நின்றது என்பதே மறந்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு அது நன்றாகத் தெரியும்: சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று மௌனமாகிவிடுவார்.

இதைவிட முக்கியமானது துணைக் கேள்விகள். எழுதி முடித்ததும் "இந்த வரிக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்போம். வேறு மொழியிலிருந்து அவசரமாகப் பைத்தானுக்கு வந்தவர்கள் பிஎஃப்எஸ்ஸுக்கு (அருகிலிருப்பவற்றை முதலில் பார்த்து அடுக்கடுக்காகத் தேடும் முறை) லிஸ்ட்டை கியூவாக வைத்து, பாப் அடைப்புக்குறிக்குள் பூஜ்யம் என்று முன்னாலிருந்து எடுப்பார்கள். செலவைக் கேட்டால் நிலையானது என்பார்கள். முன்னால் ஒன்றை எடுத்தால் பின்னால் உள்ள அத்தனையும் ஒரு இடம் நகர வேண்டும், ஆகவே அது லிஸ்ட்டின் நீளத்துக்கு ஏற்ற செலவு. இரு முனையிலும் சேர்க்க, எடுக்க வசதியான டெக் எடுத்து பாப்லெஃப்ட் போட்டிருக்க வேண்டும். அதே ஆள் ஜாவாவில் எழுதியிருந்தால் யோசிக்காமலே அரேடெக் போட்டிருப்பார். அவருக்கு அல்காரிதம் தெரியும், மொழியின் அடிவயிறு தெரியவில்லை. உங்கள் ஜாவாவின் அடிவயிறு உங்களுக்குத் தெரியும். அதைக் கைவிட்டு வராதீர்கள்.

குறைவாக நினைப்பார்களா என்று கேட்டீர்கள். மாட்டார்கள். எங்கள் குறிப்பில் எழுதுவது: கேள்வியைத் தெளிவுபடுத்திக்கொண்டாரா, வழியைத் தானே கண்டாரா அல்லது கைகாட்ட வேண்டியிருந்ததா, எழுதியது சரியா, சோதித்தாரா. எந்த மொழி என்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் "ஜாவாவில் அனுபவம்" என்று ரெஸ்யூமேயில் போட்டுவிட்டு ஜாவாவில் எழுதும்போது, அந்த மொழியின் பொறிகளில் விழாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். பைத்தானுக்கு மாறச் செலவழிக்கும் நேரத்தை இந்தப் பொறிகளுக்குக் கொடுங்கள்.

இரண்டு இன்டீஜர் ஆப்ஜெக்ட்டுகளை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுவது. −128 முதல் 127 வரை ஜாவா ஒரே ஆப்ஜெக்ட்டைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் சரியாக வேலை செய்வது போலத் தெரியும், 128 வந்ததும் பொய்த்துவிடும். ஹேஷ்மேப்பிலிருந்து எடுத்த இரண்டு எண்ணிக்கைகளை ஒப்பிடும் ஸ்லைடிங் விண்டோ (வரிசையின் ஒரு பகுதியை நகர்த்திக்கொண்டே போகும்) கணக்குகளில் இது வந்து உட்காரும். சின்ன உதாரணத்தில் பிடிபடாது என்பதுதான் இதில் கொடுமை. ஈக்வல்ஸ் போடுங்கள்.

கம்பாரேட்டரில், அதாவது வரிசைப்படுத்த இரண்டை ஒப்பிட்டுச் சொல்லும் ஃபங்ஷனில், கழித்தல். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து விடையைத் திருப்பி அனுப்புவது எல்லோருக்கும் பழக்கம். −200 கோடியையும் 200 கோடியையும் அப்படி ஒப்பிட்டால் −400 கோடி வர வேண்டும். 32 பிட் எண்ணான இன்டில் அது கொள்ளாமல் சுற்றிக்கொண்டு 294967296 என்று நேர்மறையாக வந்து நிற்கும். சின்னது பெரியதாகிவிடும். இன்டீஜர் கம்பேர் என்று எழுத இன்னும் சில எழுத்துகள்தான் கூடுதல்.

பைனரி சர்ச்சில் (வரிசைப்படுத்தியதைப் பாதி பாதியாக வெட்டித் தேடுவது) நடு. கீழையும் மேலையும் கூட்டி இரண்டால் வகுப்பது 2147483647-ஐத் தாண்டினால் எதிர்மறையாகிவிடும். இதை வெறும் பாடப்புத்தக விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஜாவாவின் சொந்த நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சிலேயே இந்தப் பிழை ஒன்பது வருடம் போல் யார் கண்ணிலும் படாமல் இருந்ததை 2006-ல் ஜோஷுவா பிளாக் எழுதிக் காட்டினார். அந்த நிரலை எழுதியவரும் அவரேதான். மேலிலிருந்து கீழைக் கழித்து, பாதியாக்கி, கீழோடு கூட்டுங்கள். கேட்பவர் கேட்காவிட்டாலும் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று ஒரு வரி சொல்லுங்கள்.

இன்ட் அரேயை ஹேஷ்மேப்பின் சாவியாகவோ ஹேஷ்செட்டிலோ போடாதீர்கள். அரேயின் உள்ளடக்கத்தை அது பார்க்காது, ஆப்ஜெக்ட்டின் அடையாளத்தைத்தான் பார்க்கும். கட்டத்தில் நடக்கும் கணக்குகளில் "பார்த்த இடங்கள்" செட்டில் இதைப் போட்டுவிட்டு, ஏன் முடிவில்லாமல் ஓடுகிறது என்று தவிப்பவர்கள் நிறைய. வரிசை எண்ணை நெடுவரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, நெடுவரிசை எண்ணைக் கூட்டி ஒரே எண்ணாக்கினால் போதும். அல்லது சில மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் சுருக்கமான கிளாஸான ரெக்கார்ட் எழுதுங்கள். 2021-ல் வந்த ஜாவா 16 முதல் அது நிலையான அம்சம். ஈக்வல்ஸும் ஹேஷ்கோடும் ஒரே வரியில் கிடைத்துவிடும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. ஜாவா நீளமானது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஜாவா 8-க்கு முந்தைய ஜாவாவை மனதில் வைத்திருக்கிறார்கள். 2018-ல் வந்த ஜாவா 10-இல், மாறியின் வகையை நீளமாக எழுதாமல் விட உதவும் வார் இருக்கிறது. மேப்பில் மெர்ஜ், கெட்ஆர்டிஃபால்ட், கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டால், நீங்கள் சொன்ன அந்தச் சொற்குழுக் கணக்கு பைத்தானைவிட மூன்று நான்கு வரிதான் கூடுதல்.

சாவிகளை வரிசையாகவே வைத்திருக்கும் டிரீமேப்பை மறக்காதீர்கள். ஒன்றோடொன்று மோதாமல் நேரங்களைப் பதிவு செய்யும் காலண்டர் கணக்கு அடிக்கடி வரும். புது நிகழ்ச்சிக்கு முந்தையது எது, பிந்தையது எது என்று ஃப்ளோர்கீ, சீலிங்கீ இரண்டாலும் கேட்டு முடித்துவிடலாம், ஒவ்வொன்றும் மடக்கை நேரம்தான் (உள்ளீடு இரட்டிப்பானாலும் ஓரிரு படிதான் கூடும்). பைத்தானில் இதற்கு ஈடாக மொழியோடு வரும் ஒன்று இல்லை.


பதில் 2

மேலே சொன்னவரோடு பாதி ஒத்துப்போகிறேன். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் ஜாவாதான். ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அரை வருடமாவது கையில் இருந்தால் பைத்தானைக் கற்றுக்கொள்வது நல்ல முடிவு. நானும் ஜாவாவிலிருந்து வந்தவன்தான், இன்று இன்டர்வியூ என்றால் பைத்தானைத் தவிர வேறெதிலும் எழுதுவதில்லை.

பைத்தானின் பலம் குறைந்த வரிகள் மட்டும் இல்லை. வாயால் சொல்லும் வழியும் திரையில் இருக்கும் கோடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். கவுண்ட்டர், டிஃபால்ட்டிக்ட், எனூமரேட், ஜிப் எல்லாம் சேர்ந்து, எதிரில் இருப்பவர் நிரலை வாசிக்காமலே உங்கள் பேச்சை வைத்துப் பின்தொடர முடியும். டைனமிக் புரோகிராமிங் கணக்கில் ரிகர்ஷனை எழுதி மேலே கேஷ் என்று ஒரு டெகரேட்டர் வைத்தால் மெமோ, அதாவது கண்ட விடையை மறுபடி கணக்கிடாமல் சேமித்து வைப்பது, வந்துவிடும். எண் எவ்வளவு பெரிதானாலும் ஓவர்ஃப்ளோ பயம் கிடையாது.

சரி, பொறிகள். லிஸ்ட்டில் முன்னாலிருந்து எடுப்பதை ஏற்கனவே சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்து அதைவிட அதிகம் பேரை விழவைப்பது இரண்டு பரிமாண லிஸ்ட். பூஜ்யங்களின் ஒரு வரிசையைச் செய்து, அதையே நட்சத்திரக்குறி போட்டுப் பெருக்கினால், எல்லா வரிசையும் ஒரே லிஸ்ட்டைத்தான் காட்டும். முதல் வரிசையில் ஒரு கட்டத்தை மாற்றினால் அந்த நெடுவரிசை முழுக்க மாறும். ஃபார் போட்டு ஒவ்வொரு வரிசையையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

எதிர்மறை எண்ணின் வகுத்தலும் அப்படித்தான். −7-ஐ 2-ஆல் இரட்டைச் சாய்கோடு போட்டு வகுத்தால் பைத்தானில் −4 வரும். ஜாவாவிலும் சி++-இலும் −3. மீதியும் மாறும்: −7-ஐ 3-ஆல் வகுத்த மீதி பைத்தானில் 2, ஜாவாவில் −1. கணிதக் கோவையை மதிப்பிடும் கேள்விகளில் "பூஜ்யத்தை நோக்கி வெட்டவும்" என்று எழுதியிருப்பார்கள், அங்கே அமைதியாகத் தவறான விடை வரும். ஜாவாவிலிருந்து வருபவர்கள் இதை முதல் நாளே எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மிகச் சிறியதையோ பெரியதையோ எப்போதும் மேலே வைத்திருக்கும் ஹீப்பில் இரண்டு சங்கடம். ஒன்று, ஹீப்கியூ சிறியதைத்தான் மேலே வைக்கும், பெரியது வேண்டுமென்றால் எண்ணை எதிர்மறையாக்கிப் போட வேண்டும். பைத்தான் 3.14-இல் பெரியதை மேலே வைக்கும் ஃபங்ஷன்களும் வந்துவிட்டன, ஆனால் இன்டர்வியூ எடிட்டரில் பழைய பதிப்பே இருக்கலாம் என்பதால் எதிர்மறை வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு, வரிசைப்படுத்தப்பட்ட பல லிங்க்ட் லிஸ்ட்டுகளை ஒன்றாக்கும் கேள்வி. மதிப்பையும் நோடையும் ஜோடியாக ஹீப்பில் போடுவோம். இரண்டு மதிப்பு சமமானால் பைத்தான் அடுத்து நோடையே ஒப்பிடப் பார்க்கும், முடியாமல் டைப்எரர் கொடுத்து நின்றுவிடும். நடுவில் ஒரு வரிசை எண்ணைச் சேர்த்தால் தீர்ந்தது.

அப்புறம் ரிகர்ஷன் ஆழம், அதாவது ஃபங்ஷன் தன்னையே எத்தனை அடுக்கு கூப்பிடலாம் என்பது. இயல்பான வரம்பு 1000. நூறுக்கு நூறு கட்டத்தில் வளைந்து வளைந்து போகும் டிஎஃப்எஸ் (ஒரு பாதையை முடிவு வரை போய்ப் பார்க்கும் தேடல்) பத்தாயிரம் வரை ஆழமாகலாம். வரம்பை உயர்த்தலாம், ஆனால் சொந்தமாக ஸ்டாக் வைத்து லூப்பாக எழுதத் தெரிந்திருப்பது பாதுகாப்பு.

இவ்வளவையும் கற்று, மறக்காமல் கையில் கொண்டுவர ஒரு மாதம் போதாது. அதனால்தான் உங்களுக்கு ஜாவா என்கிறேன்.


பதில் 3

ஆன்லைன் டெஸ்ட்டுக்கு சி++ என்று சொன்னவர் போட்டி நிரலாக்கத்திலிருந்து வந்தவராக இருப்பார். நானும் அங்கிருந்து வந்தவன், அதனால் அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று சொல்கிறேன்.

ஆன்லைன் டெஸ்ட்டில் மனிதர் இல்லை. டெஸ்ட் கேஸ், நேர வரம்பு, அவ்வளவுதான். ஒரு நொடியில் சி++ தோராயமாகப் பத்து கோடி எளிய செயல்களை முடிக்கும் என்றும், சாதாரணப் பைத்தான் ஒரு கோடி அளவில்தான் என்றும் போட்டிக்காரர்கள் மனக்கணக்கு வைத்திருப்பார்கள். ஜாவா சி++-க்கு வெகு அருகில் நிற்கும். ஆகவே உங்களுக்கு வேகம் ஒரு காரணமே இல்லை. ஜாவாவில் நேரம் மீறினால் அநேகமாக உங்கள் வழிதான் மெதுவானது. இல்லாவிட்டால் பெரிய உள்ளீட்டை ஸ்கேனரால் வாசித்திருப்பீர்கள், பஃபர்ட்ரீடருக்கு மாறுங்கள்.

தெரியாமல் சி++-இல் இறங்கினால் என்ன ஆகும் தெரியுமா? காலியான வெக்டரின் சைஸிலிருந்து ஒன்றைக் கழித்தால் −1 வராது. அது குறியில்லா எண் என்பதால் 64 பிட் கணினியில் 18446744073709551615 வரும், லூப் எங்கோ போய்விடும். சார்ட்டுக்குக் கொடுக்கும் ஒப்பீட்டில் "சிறியது" என்பதற்குப் பதில் "சிறியது அல்லது சமம்" என்று எழுதினால் சில உள்ளீடுகளில் நிரலே உடைந்து விழும், சிலவற்றில் நன்றாக ஓடும். மேப்பில் சதுர அடைப்புக்குறி போட்டுத் தேடினாலே இல்லாத சாவி உள்ளே சேர்ந்துவிடும். செட்டில் தேட அதன் சொந்த லோயர்பவுண்டைக் கூப்பிட வேண்டும். பொதுவான லோயர்பவுண்டைக் கூப்பிட்டால் விடை சரியாக வரும், ஆனால் மடக்கை நேரம் போய் நேர்கோட்டு நேரமாகிவிடும். இவற்றையெல்லாம் அடிபட்டு அடிபட்டுப் பழகியவர்களுக்கு சி++ அற்புதமான கருவி. டெஸ்ட்டுக்காக ஒரு மாதம் எடுத்துக் கற்பவருக்கு இல்லை.


பதில் 4

எல்லோரும் பொதுவான பேக்எண்ட் இன்டர்வியூவை வைத்துப் பேசுகிறீர்கள். உங்களுக்கு அது பொருந்தும். ஆனால் பணிக்கென்றே மொழி குறித்திருந்தால் இந்தப் பேச்சு எதுவும் செல்லாது. ஐஓஎஸ் பணிக்கு ஸ்விஃப்ட், ஆண்ட்ராய்டுக்கு கோட்லின், எம்பெட்டட் வேலைக்கு சி அல்லது சி++ என்று கேட்பார்கள். "எந்த மொழியும் சரி" என்று மின்னஞ்சலில் இருந்தாலும், எந்தெந்த ரவுண்டுக்கு அது பொருந்தும் என்று ரெக்ரூட்டரிடம் எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நான் ஃப்ரண்ட்எண்ட். ஜாவாஸ்கிரிப்டில்தான் எழுதுகிறேன், வேறு வழியில்லை. மொழியோடு ஹீப் வராது, வரிசையான மேப்பும் வராது. அதனால் ஹீப்பைக் கையால் எழுதும் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். சார்ட் ஒன்றும் கொடுக்காமல் கூப்பிட்டால் எண்களை எழுத்துகளாக ஒப்பிடும்: 10, 9, 1 கொடுத்தால் 1, 10, 9 என்று வரும். எண்கள் 9007199254740991-க்கு மேல் போனால் துல்லியம் நிச்சயமில்லை, பிட் குறிகள் போட்டால் 32 பிட்டாகச் சுருங்கிவிடும். உங்களுக்கு இது எதற்கு என்று கேட்டால், "ஜாவாவில் வசதி குறைவு" என்று கவலைப்படும்போது மற்ற மொழிக்காரர்கள் எதையெல்லாம் கையால் செய்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.


கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். ஏற்கனவே விடை தெரிந்த கணக்குகளையே வைத்து, பெயர்களைத் தானே நிரப்பிப் பிழை காட்டும் ஐடிஇ இல்லாமல், வெறும் டெக்ஸ்ட் எடிட்டரில் இரண்டு மொழியிலும் எழுதினேன். ஜாவாவில் எழுதும்போது வாய் பேசிக்கொண்டே இருந்தது, பைத்தானில் அடிக்கடி அடைத்தது. முடிவு தெளிவு: ஜாவா.

ஆனால் புதிதாக ஒன்று தெரியவந்தது. ஐடிஇ எனக்கு எவ்வளவு செய்துகொண்டிருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது. ஜாவாவின் ஹீப்பான ப்ரையாரிட்டி கியூவில் சேர்ப்பது ஆஃபரா ஆடா, பீக் காலியாக இருந்தால் நல் தருமா எக்செப்ஷன் தருமா, லிஸ்ட்டை அரேயாக மாற்றும் வரி எது என்று தடுமாறினேன். இன்டர்வியூவில் இப்படி ஒன்று மறந்தால் கேட்கலாமா? "இப்படி ஒரு மெத்தட் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வார்களா? ஸ்டிரிங் கணக்கு வந்தால் மட்டும் பைத்தானில் எழுதி, மற்றதற்கு ஜாவா என்று வைத்துக்கொள்ளலாமா?


பதில் 1 எழுதியவர் மறுபடி

நல்ல சோதனை செய்திருக்கிறீர்கள். வெறும் எடிட்டரில் எழுதிப் பார்க்காமல் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். பல இடங்களில் கோட் ஓடவே ஓடாது, பகிர்ந்த பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மறந்தால் கேட்கலாம். எதை மறந்தீர்கள் என்பதுதான் கணக்கு. "அரேயாக மாற்றும் வரி சரியாக நினைவில்லை, இப்படி எழுதிவிட்டுப் போகிறேன்" என்றால் தலையாட்டிவிடுவோம். மெத்தட்டின் பெயர் ஆடா ஆஃபரா என்பதும் அப்படித்தான், ப்ரையாரிட்டி கியூவில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் பீக் காலியாக இருந்தால் நல், எலிமெண்ட் என்றால் எக்செப்ஷன். இதை வைத்து உங்கள் லூப்பின் நிபந்தனையே மாறும் என்பதால் இது தெரிந்திருக்க வேண்டும். ஹீப்பின் நடுவிலிருந்து ஒன்றை நீக்க ரிமூவ் போட்டால் அது மொத்தத்தையும் தேடும், நேர்கோட்டு நேரம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெயர் மறக்கலாம், செலவும் நடத்தையும் மறக்கக் கூடாது.

ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வதும் சரிதான், அதுவே கேள்வியின் உயிராக இல்லாதவரை. கிராஃப் கணக்கில் உள்ளீட்டைப் பிரித்தெடுக்கும் ஃபங்ஷனை "பிறகு எழுதுகிறேன்" என்று தள்ளலாம், பெரும்பாலும் யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். எல்ஆர்யூ கேஷ் (இடம் நிறைந்தால் நெடுநேரம் தொடாததை நீக்கும் சேமிப்பு) கேள்விக்கு லிங்க்ட்ஹேஷ்மேப்பைப் போட்டு நாலு வரியில் முடிப்பது வேறு. முதலில் அதைச் சொல்லுங்கள், அது தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் "அது இல்லாமல் எழுதுங்கள்" என்பது அடுத்த நொடி வரும். இரட்டை லிங்க்ட் லிஸ்ட்டும் ஹேஷ்மேப்பும் சேர்த்துக் கையால் எழுதிப் பழகியிருங்கள். முன்னும் பின்னும் ஒரு போலி நோடு வைத்துக்கொண்டால் பாதி நிபந்தனைகள் காணாமல் போகும்.

இரண்டு மொழியைக் கலப்பது வேண்டாம். கேள்வியைப் பார்த்ததும் "இதற்கு எது" என்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் உங்களுக்கு அது தேவையில்லாத சுமை. தவிர, ஸ்டிரிங் கணக்கு என்று பைத்தானில் தொடங்குவீர்கள். இரண்டாம் பகுதியில் அதே கணக்கு டிரைக்கோ (சொற்களை எழுத்து எழுத்தாகக் கிளைவிட்டு வைக்கும் மரம்) ஹீப்புக்கோ திரும்பும். பாதியில் மொழி மாற முடியாது. ஜாவாவில் ஸ்டிரிங் சங்கடம் பெரும்பாலும் மூன்று பழக்கத்தில் தீர்ந்துவிடும்: லூப்புக்குள் கூட்டல் குறியால் ஒட்டாமல் ஸ்டிரிங்பில்டர், சிறிய ஆங்கில எழுத்துகள் மட்டும் என்றால் மேப்புக்குப் பதில் 26 இடமுள்ள இன்ட் அரே, கடைசியாக ஸ்டிரிங்குகளை ஒப்பிட எப்போதும் ஈக்வல்ஸ்.

மீதி நாட்களில் ஐடிஇயைத் திறக்காதீர்கள். தினமும் காலையில் வெறும் எடிட்டரில் ஒன்றை மனப்பாடமாக இல்லாமல் புரிந்து எழுதுங்கள்: இன்று பிஎஃப்எஸ், நாளை டைக்ஸ்ட்ரா, அப்புறம் யூனியன் ஃபைண்ட், டிரை, டோப்பாலஜிக்கல் சார்ட், இடப்பக்க எல்லையைத் தேடும் பைனரி சர்ச். எழுதி முடித்த பிறகுதான் கம்பைலரில் ஒட்டிப் பாருங்கள். அது காட்டும் பிழைகளை ஒரு தாளில் சேர்த்து வாருங்கள். அந்தத் தாள்தான் நீங்கள் இன்டர்வியூவுக்கு முந்தைய இரவு படிக்க வேண்டியது.

ரவுண்டு தொடங்கியதும் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: கோட் இங்கே ஓடுமா, ஜாவா எந்தப் பதிப்பு. 16-க்குக் கீழே என்றால் ரெக்கார்ட் கிடையாது, சின்ன கிளாஸ் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியில் ஜாவா யூட்டில் மொத்தத்தையும் இறக்குமதி செய்துவிட்டுக் கேள்வியைக் கேளுங்கள்.